தேவ சித்தமும் மனிதர் கடமையும்

உலகில் நடப்பன யாவும் இறைவன் சித்தப்படியே நடக்கின்றன என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. நன்மை செய்ய ஒவ்வொருவரும் கடமைப்பட்டவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே வேத நூலில் அருகருகே நிற்கின்றன. குயவன் கையிலுள்ள களிமண்ணை உவமையாகக் காட்டித் தேவனுடைய முழு அதிகாரத்தைப் பவுல் அடிகள் விளக்குகிறார். செயலிற் காட்டாத விசுவாசத்தை உயிர் நீங்கிய உடலுக்கு யாக்கோபு ஒப்பிடுகிறார். இவ்விருவரையும் ஒருங்கே ஏற்பது எவ்வாறு என்று ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகத் திருச்சபை வாதிட்டு வந்திருக்கிறது.

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இறையியல் வழக்கொன்றை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நம் மூத்தோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைக்க வீடு வீடாகச் சென்ற காலத்தில், தெருவுக்கு வெளியிலிருந்து கேட்ட சொல் "அவரவர் தலையெழுத்து" என்பது. கோயிற் பிரசங்க மேடையிலிருந்தோ "தேவ சித்தம்" என்ற சொல் கேட்டது. சொல் வேறாயினும் அதைக் கேட்டுத் திரும்பியவர்க்கு இரண்டும் ஒன்றாகவே பட்டன. ஆகவே அந்த இரண்டாவது சொல் எங்கிருந்து வந்தது, யார் அதை எதற்குப் பயன்படுத்தினர், யார் அதை மறுத்து வேறு பொருள் கண்டனர் என்று அறிவது நமக்கு வீண் வேலையன்று.

இவ்வழக்கின் முதற் பெருங்கட்டம் ஐந்தாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. பிரித்தானியத் தீவிலிருந்து உரோமை நகருக்கு வந்த பெலாகியு என்னும் துறவி, தேவன் ஒன்றைக் கட்டளையிட்டால் அதைச் செய்யும் ஆற்றலையும் மனிதனுக்குத் தந்தேயிருக்கிறார் என்று போதித்தார். மனிதன் முயன்றால் நல்லவனாக வாழ இயலும் என்பது அவர் துணிவு. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராயிருந்த அகுஸ்தீன் இதை முற்றும் மறுத்தார். ஆதாமின் வீழ்ச்சியால் மனித சித்தமே நோயுற்றது, கிருபை முந்திக்கொண்டு வந்தாலன்றி எவனும் நன்மையை விரும்பவும் மாட்டான் என்றார். 418-ஆம் ஆண்டில் கார்த்தேஜில் கூடிய சங்கம் அகுஸ்தீன் பக்கமே தீர்ப்பளித்தது.

இவ்வளவும் எல்லாத் திருச்சபை வரலாற்று நூல்களிலும் காணப்படும். அவை அதிகம் பேசாத செய்தி ஒன்று உண்டு. பெலாகியுவின் போதனையைப் பின்பற்றியோர் வட்டத்திலிருந்து செல்வத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளிவந்தது. அதை எழுதியவர் பெயர் உறுதியாகத் தெரியவில்லை. சிலர் மிகையாக வைத்திருப்பதாலேயே பலர் இல்லாமையில் வாடுகின்றனர் என்றும், செல்வர் இல்லையேல் ஏழையரும் இல்லை என்றும் அந்நூல் வாதிடுகிறது. மனிதன் மாற முடியும் என்று நம்பியவர்களுக்குச் சமுதாயமும் மாற முடியும் என்று தோன்றியதில் வியப்பில்லை. அகுஸ்தீனோ, தம் 'தேவ நகரம்' என்னும் பெருநூலின் பத்தொன்பதாம் புத்தகத்தில் அடிமை முறையைப் பற்றிப் பேசுகிறார். மனிதனை மனிதன் ஆளும்படி தேவன் ஆதியில் படைக்கவில்லை என்று நன்றாகவே தொடங்குகிறார். ஆயினும் அடிமைத்தனம் பாவத்தின் விளைவு, அது தேவ தீர்ப்பின்றி ஒருவனுக்கு வாய்ப்பதில்லை, அடிமை தன் எசமானுக்கு மனமுவந்து பணி செய்க என்று முடிக்கிறார். பாவம் எல்லாருக்கும் பொதுவாயிருக்க, அதன் தண்டனை மட்டும் அடிமையின் முதுகில் ஏறியது எவ்வாறு என்பதற்கு நிறைவான விடை அங்கு இல்லை. அகுஸ்தீன் பேரறிஞர் என்பதில் நமக்கு ஐயமில்லை. அப்பேரறிஞரின் வாதத்தில் பொத்தல் விழும் இடம் இதுவே என்பதிலும் ஐயமில்லை.

அவருடைய கோட்பாட்டின் மற்றொரு விளைவை அவரே காண நேர்ந்தது. இன்றைய தூனிசியா நாட்டிலுள்ள ஹத்ருமேத்தும் என்னும் ஊரின் மடத்தில், ஏறத்தாழ 426-ஆம் ஆண்டில் துறவிகளிடையே ஒரு பூசல் எழுந்தது. எல்லாம் கிருபையே என்றால், தவறு செய்த துறவியை மடத்தலைவர் கண்டிப்பது ஏன்? அவனுக்காக மன்றாடிவிட்டுச் சும்மா இருப்பதுதானே முறை? இப்படிச் சிலர் கேட்டனர். அகுஸ்தீன் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கண்டனமும் தேவன் கையாளும் கருவிகளுள் ஒன்று, கருவியை வேண்டாமென்று தள்ளுகிறவன் கிருபையைப் போற்றுகிறவன் ஆகான் என்பது அவர் விடையின் சாரம். இந்தக் 'கருவி' என்னும் எண்ணத்தை வாசகர்கள் நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து அது மீண்டும் தலைதூக்கும்.

பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் அகுஸ்தீனின் கொடியை மீண்டும் ஏந்தினார். 1524-இல் எராஸ்மஸ் மனிதச் சித்தத்தின் சுதந்திரத்தை ஆதரித்து எழுத, 1525-இல் லூத்தர் அச்சித்தம் கட்டுண்டது என்று மறுப்பு எழுதினார். நற்கிரியைகளால் ஒருவன் நல்லவன் ஆவதில்லை, நல்லவனாக்கப்பட்டவனே நற்கிரியை செய்கிறான் என்பது அவர் கருத்து. காசு கொடுத்துப் பாவமன்னிப்புச் சீட்டு வாங்கிய காலத்தில் இக்கோட்பாடு ஏழைக்கு ஒரு விடுதலையே. புண்ணியம் ஈட்டப் பொருள் வேண்டியதில்லை என்பது சிறிய செய்தியா? ஆயினும் அதே 1525-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் குடியானவர்கள் மெம்மிங்கன் நகரில் பன்னிரண்டு கோரிக்கைகளை வகுத்தனர். கிறிஸ்து நம் அனைவரையும் மீட்டிருக்கையில் நாங்கள் பண்ணையடிமைகளாய் இருப்பது தகுமோ என்று அவற்றுள் மூன்றாவது கேட்டது. கிறிஸ்தவ விடுதலையை மாம்சத்திற்குரியதாக மாற்றிவிட்டீர்கள், ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தனர் என்று லூத்தர் கடிந்தார். போர் மூண்டபின் அவர் எழுதியது இன்னும் கொடிது. பல பதினாயிரம் குடியானவர்கள் வெட்டுண்டு மாண்டனர்.

கால்வினையும், 1618-19 ஆண்டுகளில் டோர்ட் நகரில் கூடிய சங்கத்தையும் இங்கு விரித்தெழுத வேண்டியதில்லை. இரட்சிக்கப்படுவோரைத் தேவன் முன்குறித்திருக்கிறார் என்னும் கோட்பாடு அங்கு வரையறுக்கப்பட்டது என்பதே போதும். அக்கோட்பாட்டைக் குறை கூறுமுன் அதன் நேர்மையான பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எவனும் தன் குலத்தாலோ குணத்தாலோ தேவன் முன் மேன்மை பாராட்ட முடியாது என்பது அதன் மறுபக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பக்கிங்காம் சீமாட்டி, சாலையில் ஊர்ந்து திரியும் எளியவரின் இருதயத்தைப் போன்றே தம் இருதயமும் பாவமுள்ளது என்று பிரசங்கிகள் சொல்வது தம் உயர்குடிக்கு இழுக்கு என்று சினந்து கடிதம் எழுதினார். அச்சீமாட்டிக்கு அப்போதனை எங்கே சுட்டது என்பது நமக்கு நன்கு விளங்கும்.

இனி நம் கட்டுரையின் நடுவிடமான நார்தாம்ப்டன்ஷயருக்கு வருவோம். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள இம்மாவட்டத்தில் கெட்டரிங் என்னும் சிற்றூர் உள்ளது. பாப்திஸ்து சபையாருள் கால்வினின் கோட்பாட்டை அதன் எல்லைவரை இழுத்துச் சென்ற ஜான் கில், ஜான் பிரைன் என்னும் இருவரும் இவ்வூரிற் பிறந்தவர்களே. இவர்கள் வழிவந்த போதகர்கள் பாவியை நோக்கி 'மனந்திரும்பு' என்று அழைக்கவே தயங்கினர். திரும்பும் ஆற்றல் அவனுக்கு இல்லை, ஆற்றல் இல்லாதவனுக்குக் கடமையும் இல்லை என்பது அவர்கள் தருக்கம். பிரசங்கம் என்பது தெரிந்தெடுக்கப்பட்டோருக்கு ஆறுதல் சொல்வதாகச் சுருங்கியது. சபைகள் உறங்கின.

அவ்வுறக்கம் கலைந்த விதம் சுவையானது. 1770-இல், கேம்பிரிட்ஜ்ஷயரில் சோகாம் என்னும் ஊரின் சபையைச் சேர்ந்த ஒருவர் மது அருந்தி மயங்கினார். அண்மையில் ஞானஸ்நானம் பெற்றிருந்த பதினாறு வயது இளைஞர் ஆண்ட்ரு ஃபுல்லர் அவரிடம் சென்று கண்டித்தார். அம்மனிதரோ சற்றும் கலங்கவில்லை. என்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் எனக்கில்லை, நான் என்ன செய்வேன் என்று தம் சபையின் கோட்பாட்டையே எடுத்து எதிரே வைத்தார்! தம்மைக் காத்துக்கொள்ள அவரால் முடியும் என்று ஃபுல்லர் சொன்னார். குடிகாரரைச் சபையினின்று நீக்கினர்; ஆனால் எழுந்த வினாவை நீக்க முடியவில்லை. புறத்தீமைகளை விலக்கும் ஆற்றலாவது மனிதனுக்கு உண்டு என்று சொன்ன போதகர் மறு ஆண்டில் பதவியை விட்டே விலக நேர்ந்தது. ஹத்ருமேத்தும் மடத்தின் வழக்கே சோகாமில் மறுபடியும் வந்து நின்றது.

ஃபுல்லர் வேளாண்மைக் குடியிற் பிறந்தவர், உயர்கல்வி பெறாதவர். இவ்வினா அவரைப் பல்லாண்டுகள் உறங்கவிடவில்லை. அமெரிக்க இறையியலார் ஜோனத்தன் எட்வர்ட்ஸின் நூலில் அவருக்கு ஒரு திறவுகோல் கிடைத்தது. 'முடியாது' என்பது இருவகைப்படும். கண் இல்லாதவன் படிக்க முடியாது என்பது ஒன்று. கண்ணிருந்தும் புத்தகத்தை வெறுப்பவன் படிக்க முடியாது என்பது வேறொன்று. முன்னவன் மேல் குற்றமில்லை. பின்னவனுடைய 'முடியாது' என்பது 'மாட்டேன்' என்பதன் மாற்றுருவமே. மனிதனின் ஆற்றலின்மை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆதலின் கிருபை அவனுக்குத் தேவையாயிருப்பதும் உண்மை, கடமை அவனைவிட்டு நீங்காதிருப்பதும் உண்மை. கெட்டரிங்கில் போதகராயிருந்தபோது, 1785-இல் ஃபுல்லர் இதை நூலாக வெளியிட்டார்.

எட்வர்ட்ஸ் அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர் என்பதையும் நாம் மறைத்தலாகாது. 'மாட்டேன்' என்பதை 'முடியாது' என்று சொல்லும் மனித மனத்தை அவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தவர், தம் வீட்டுக்குள் அவ்விளக்கைத் திருப்பவில்லை. அவர் மாணாக்கரான சாமுவேல் ஹாப்கின்ஸ், அடிமை வாணிகத் துறைமுகமான நியூப்போர்ட்டில் போதகராயிருந்துகொண்டே, 1776-இல் அடிமை முறையைக் கண்டித்து நூல் எழுதினார். ஆசிரியர் தந்த கருவியை மாணாக்கர் பயன்படுத்திக்கொண்டார்.

ஃபுல்லரின் வாதத்தைச் செயலாக மாற்றியவர் வில்லியம் கேரி. 1761-இல் பிறந்த இவர் செருப்புத் தைக்கும் தொழில் பயின்றவர். மோல்ட்டன் என்னும் ஊரில் பள்ளி நடத்தி, சபையை மேய்த்து, அவ்விரண்டாலும் வயிறு நிறையாமற் போகவே தோல் தைத்து வாழ்ந்தார். தையற் பலகைக்கு எதிரே சுவரில் கையால் வரைந்த உலகப்படம் ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு நாட்டின் மேலும் அதன் மக்கள் தொகையையும் சமயத்தையும் குறித்து வைத்திருந்ததை ஃபுல்லர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிற நாட்டாருக்குச் சுவிசேஷம் சொல்லும் கடமை நமக்குண்டா என்று போதகர் கூட்டமொன்றில் கேரி கேட்டதாகவும், தேவன் விரும்பினால் உன் உதவியின்றியே செய்துகொள்வார், உட்கார் என்று முதிய போதகர் ரைலண்டு அடக்கியதாகவும் ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. அம்முதியவரின் மகன் அக்கதையை நம்பவில்லை. கதை மெய்யோ பொய்யோ, அன்றைய சபைகளின் மனநிலைக்கு அது பொருந்துவதாலேயே நிலைத்துவிட்டது.

1792-இல் கேரி வெளியிட்ட சிறு நூலின் பெயரே அதன் வாதத்தைச் சொல்லிவிடுகிறது. புறச்சமயத்தாரை மனந்திருப்ப 'வழிவகைகளைக் கையாளும்' கடமை கிறிஸ்தவர்களுக்கு உண்டா என்னும் ஆராய்ச்சி அது. அகுஸ்தீன் சொன்ன கருவிதான் இது. தேவன் முடிவைக் குறிக்கிறார், வழியையும் குறிக்கிறார், அவ்வழி நம் கைகளே என்பது கேரியின் கருத்து. வாரம் ஒரு பென்னி சேர்க்கலாம் என்று அவர் கணக்கிடுகிறார். அடிமைகளின் உழைப்பால் அநீதியாய்க் கிடைப்பதென்று மேற்கிந்தியச் சர்க்கரையைப் பல குடும்பத்தார் அண்மையில் விலக்கியதையும் குறிப்பிட்டு, அதனால் மிஞ்சும் காசை இதற்குத் தரலாமே என்கிறார். 1792 அக்டோபர் 2-ஆம் நாள், கெட்டரிங்கில் ஒரு கைம்பெண்ணின் வீட்டில் பாப்திஸ்து மிஷனரிச் சங்கம் உருவாயிற்று. அன்று சேர்ந்த வாக்குறுதித் தொகை பதின்மூன்று பவுன், இரண்டு ஷில்லிங், ஆறு பென்சு. கில்லும் பிரைனும் பிறந்த அதே ஊரில்! பிடி அரிசியில் தொடங்கிய நம்மனோர்க்கு இத்தொகையின் எடை தெரியும்.

வங்காளத்தில் கேரி ஏழாண்டுகள் ஒருவரும் மனந்திரும்பக் காணாமல் உழைத்தார். 1800-இல் செராம்பூருக்கு வந்து மார்ஷ்மன், வார்டு ஆகியோருடன் இணைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் நாள் ஊக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பால் ஒரு தச்சர். தோள் பிசகியபோது மருத்துவம் செய்ய வந்தவர்கள் வழியாகவே சுவிசேஷத்தைக் கேட்டவர். 1803-இல் இவர் மகளைக் கிருஷ்ண பிரசாத் என்னும் பிராமணக் கிறிஸ்தவர் மணந்தார். மணவிருந்தில் அனைவரும் ஒன்றாய் உண்டனர். அவ்வாண்டிலேயே கோகுல் என்னும் விசுவாசி இறந்தபோது, அவர் சவப்பெட்டியை மார்ஷ்மனும், கேரியின் மகனும், பிராமணராயிருந்து வந்த பைரவும், முஸ்லிமாயிருந்து வந்த பீருவும் தோளிற் சுமந்து சென்றனர். கண்டோர் திகைத்தனர். 1808-09 ஆண்டுகளில் சிட்னி ஸ்மித் என்னும் ஆங்கிலப் பாதிரியார் இம்மிஷனரிகளைச் செருப்புத் தைப்போர் கூட்டமென்று எள்ளி எழுதினார். அக்கூட்டம் 1818-க்குள் நூற்றுக்கு மேற்பட்ட தாய்மொழிப் பள்ளிகளை நிறுவி, செராம்பூரில் எல்லாச் சாதியாருக்கும் திறந்த கல்லூரியையும் தொடங்கியிருந்தது.

இங்கே நம் நாட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் தகும். செராம்பூருக்கு முன்பே, 1706-இல், தரங்கம்பாடிக்கு லூத்தர் சபை மிஷனரிகள் வந்துவிட்டனர். பள்ளிக்கும் அச்சுக்கும் அவர்கள் செய்த தொண்டு பெரிது. ஆனால் தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் கோயிலுக்குள்ளே சாதிவாரியாகத் தனித்தனி இடம் இருந்தது. இரட்சிப்பு கிருபையால் வருவது, சாதியோ உலக வழக்கு என்று அதற்குக் காரணம் கூறப்பட்டது. குடியானவர்களுக்கு லூத்தர் சொன்ன விடையின் எதிரொலியை இதில் கேட்கிறோம். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதியைத் திருச்சபையினின்று உடனே முற்றாக நீக்க வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையில் எதிர்ப்பு மூண்டது. புகழ்பெற்ற கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் எதிர்த்தோர் அணியில் நின்றார். ஏற்க மனமின்றிச் சபையை விட்டு வெளியேறினோரும் உண்டு. ஃபுல்லர் உயிருடன் இருந்திருந்தால், அவர்கள் 'முடியாது' என்றதை எந்த வகையில் சேர்த்திருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று.

கெட்டரிங்கின் கதை வங்காளத்தோடு முடியவில்லை. 1803-இல் அவ்வூரிற் பிறந்த வில்லியம் நிப், ஃபுல்லர் குடும்பத்தைச் சேர்ந்த அச்சகத்தாரிடம் தொழில் பழகி, 1825-இல் மிஷனரிச் சங்கத்தின் ஆசிரியராக ஜமைக்கா சென்றார். ஆனால் அத்தீவில் பாப்திஸ்து சபையை முதலில் நட்டவர் வெள்ளையர் அல்லர். அமெரிக்காவில் அடிமையாயிருந்து விடுதலையான ஜார்ஜ் லீல் என்னும் கறுப்பினப் போதகர் 1783 அளவிலேயே அங்கு வந்து சபை சேர்த்திருந்தார். அரசியலில் தலையிடலாகாது, அடிமைகளுக்குக் கீழ்ப்படிதலைப் போதிக்க வேண்டும் என்பது சங்கம் தன் மிஷனரிகளுக்கு இட்ட கட்டளை. தோட்ட முதலாளிகளும் தேவ சித்தத்தைப் பற்றி நிறையப் பேசினர்.

ஆனால் அடிமைகளுள்ளும் வேதம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தனர். மாண்டிகோ பே நகரச் சபையின் உதவிக்காரரான சாமுவேல் ஷார்ப், ஒரு மனிதனை உடைமையாக வைத்திருக்கும் உரிமை எந்த மனிதனுக்கும் இல்லை என்பதை வேதத்திலிருந்தே கண்டார். அடிமை தேவ தீர்ப்பால் அடிமை என்று அகுஸ்தீன் எழுதியதை அவர் படித்திருக்க வழியில்லை. படித்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார். 1831 கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் கூலியின்றி வேலைக்குத் திரும்புவதில்லை என்று அவர் தோழர்களைக் கொண்டு உறுதி செய்வித்தார். வேலைநிறுத்தமாக எண்ணப்பட்டது தீயும் கிளர்ச்சியுமாக மாறியது. அடக்குமுறையில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லும் தண்டனைக்கு ஆளாயினர். 1832 மே 23-ஆம் நாள் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். வெள்ளையர் கும்பல்கள் பாப்திஸ்து ஆலயங்களை இடித்தன.

நிப் அதன்பின் வாய் மூடி இருக்கவில்லை. 1832-இல் இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர், சங்கத்தின் கட்டளை எதுவாயினும் அடிமை முறையை ஒழிக்கப் பேசியே தீருவேன் என்று நின்று, ஊர் ஊராகப் பேசினார், பாராளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். 1833-இல் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு இருபது மில்லியன் பவுன் இழப்பீடு ஒதுக்கப்பட்டது. அடிமைகளாயிருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் மேலும் நான்காண்டு உழைப்பே கிடைத்தது. முழு விடுதலை 1838 ஆகஸ்டு 1-ஆம் நாள் வந்தது. அன்று ஃபால்மவுத் நகரில் நிப்பின் சபையார் ஒரு சவப்பெட்டியைச் செய்து, அதற்குள் சங்கிலியையும் சாட்டையையும் இரும்புக் கழுத்துப் பட்டையையும் இட்டு, ஆலயத்தின் அருகில் குழி தோண்டிப் புதைத்தனர்.